புளிக் கிட்டங்கியில் கூலித் தத்துவம்

உலகப் பொருளாதாரச் சிந்தனை இங்கிலாந்தில் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது வயதுக்கு வந்தது திண்டுக்கல்லில், நத்தம் சாலையில், பெருமாள்சாமியின் புளிக் கிட்டங்கியில்தான். இந்த மாபெரும் உண்மை எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. பாடநூல் எழுதுகிறவர்கள் யாரும் புளியில் கொட்டை எடுத்ததில்லை என்பது தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

அந்த வரலாற்று நிகழ்ச்சிக்குக் கருவியாக அமைந்தவர் முனைவர் பழனிக்குமார். ஒரு கல்லூரியில் பொருளியல் துறையில் 'கௌரவ விரிவுரையாளர்'. கௌரவம் மாதாமாதம் ஒன்றாம் தேதியே வந்துவிடும். சம்பளம் மட்டும் நாலு மாதத்துக்கு ஒருமுறை, யாருக்காவது ஞாபகம் வரும்போது வரும். அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருள், 'தொன்மைப் பொருளியல் அறிஞர்களின் கூலி மற்றும் இலாபப் பங்கீட்டுக் கோட்பாடுகள்'. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அந்த மேதைகள், தொழிலாளிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இரவு பகலாக யோசித்திருக்கிறார்கள். 'சாகாத அளவுக்கு' என்பது அவர்கள் கண்ட விடை. இந்த விடையைப் பழனிக்குமார் விரித்து எழுதி முடிக்க ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ஏழு வருஷமும் அவரைச் சாகாத அளவுக்குக் காப்பாற்றி வந்தது மாமியார் ராமுத்தாய்.

ராமுத்தாய் பெருமாள்சாமியின் கிட்டங்கியில் புளி உடைக்கிறவள். மாமியார் கூலியில் மாப்பிள்ளை உட்கார்ந்து சாப்பிடலாமா என்று தெருவில் சிலர் கேட்டார்கள். அவர்கள் பொருளியல் படிக்காதவர்கள். தொழிலாளியும் அவள் குடும்பமும் உயிர் தரிக்கிற அளவுக்குக் கூலி இருக்கும் என்று மேதைகள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை சேர்த்தியா இல்லையா என்பதைப் பின்னால் வரும் ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிட்டார்கள். பழனிக்குமார் அந்த ஆராய்ச்சியைத் தினமும் மூன்று வேளை செய்துவந்தார்.

மாசி பிறந்தால் கிட்டங்கியில் லாரி லாரியாகப் புளி வந்து இறங்கும். இருபது பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். புளி விரலைத் தின்னும். நகக்கண்ணில் ஏறிய புளிப்பு, ராத்திரி சோறு பிசையும்போது சுரீரென்று கடிக்கும். இதற்கு நாள் கூலி முந்நூறு ரூபாய். அந்த மாசியில் அவர்கள் தேசத்தின் அஸ்திவாரத்தையே அசைக்கும் ஒரு கோரிக்கையை வைத்தார்கள். ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

பெருமாள்சாமி ஆடிப்போனார். அவர் இரக்கம் இல்லாதவர் அல்லர். வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்பவர். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்து, மூட்டையோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர். புளியில் வந்தது அறிவில் போகட்டும் என்று அகரம் போகிற வழியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியும் கட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவரிடம் போய் ஐம்பது ரூபாய் கேட்டால் மனசு என்ன பாடுபடும்! அவர் பழனிக்குமாரை வரச் சொன்னார்.

“வாங்க புரொபசர். ஒங்க மாமியா நம்ம கிட்டங்கியிலதான இருக்கு?”

“ஆமா சார்.”

“அம்பது ரூவா கூட்டணும்னு நிக்கிறாளுக. கூட்டக் கூடாதுன்னு ஏதும் சட்டம் இருக்கா?”

“சட்டம் இல்ல சார். தத்துவம் இருக்கு.”

“அது சட்டத்த விடப் பெலமா?”

“சட்டத்த மீறலாம் சார். தத்துவத்த மீற முடியாது. மேல எறிஞ்ச கல்லு கீழ விழுற மாதிரி, கூலியும் இம்புட்டுத்தான்னு இயற்கையே வச்சிருக்கு.”

இவ்வளவு காலமும் இயற்கை தன் பக்கம் இருந்தது தெரியாமல், தான் தனியாளாக நின்று கூலியைக் குறைத்துக்கொண்டிருந்ததை நினைத்து பெருமாள்சாமிக்கு நெஞ்சு விம்மியது.

“புரொபசர், நம்ம காலேஜ் ஆனியில தொறக்குது. பொருளாதாரத்துக்குத் துறைத்தலைவரா ஒங்களப் போட்டுர்றேன். மாசம் முப்பதாயிரம். அவளுகளுக்கு இந்தத் தத்துவத்தச் சொல்லி, அம்பது ரூவாப் பேச்ச அடக்கி விட்ருங்க.”

ஒரு பக்கம் மாமியாருக்கு ஐம்பது ரூபாய். மறுபக்கம் மாப்பிள்ளைக்கு முப்பதாயிரம். அறிவுள்ள எவரும் இதில் தடுமாற மாட்டார்கள். பழனிக்குமாரும் தடுமாறவில்லை. அன்று வெயில் சற்று அதிகம் என்பதால் வியர்த்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு நடந்தது. வேலை நேரத்தில் நடத்தினால் உற்பத்தி பாதிக்கும் என்று முதலாளி யோசித்துச் செய்த ஏற்பாடு. சூப்பர்வைசர் டோனி, புதுக் கல்லூரிக்கென்று வாங்கி வைத்திருந்த கரும்பலகையைத் தூக்கி வந்து புளி மூட்டை மேல் சாய்த்து வைத்தான். இருபது பெண்களும் தூக்குவாளியோடு சுற்றி உட்கார்ந்தார்கள். பெருமாள்சாமி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை பேசப்போகிறார் என்று ராமுத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“கூலி என்பது தொழிலாளி உயிர் வாழத் தேவையான அளவுக்கு இயற்கையாகவே அமையும்,” என்று பழனிக்குமார் ஆரம்பித்தார்.

“உசுரோட இருக்க எம்புட்டு வேணும்னு யார் சார் பாத்தா?” என்றாள் சிவனம்மாள். கிட்டங்கியில் மூத்தவள் அவள்தான். மற்ற பெண்களுக்கும் சேர்த்து அவள்தான் வாய்.

“அறிஞர்கள் பார்த்தாங்கம்மா. அந்தக் காலத்துல ஒரு ஆளுக்கு இவ்வளவு ரொட்டின்னு.”

“வெஞ்சனம்?”

“என்னது?”

“ரொட்டிக்குத் தொட்டுக்க வெஞ்சனம் என்ன போட்டாக?”

பழனிக்குமார் யோசித்தார். முந்நூறு பக்க ஆய்வேட்டில் வெஞ்சனம் எங்கும் இல்லை. “வெஞ்சனம் கணக்குல வரலம்மா,” என்றார்.

“வெஞ்சனம் இல்லாம வெறுஞ்சோத்த எப்புடிய்யா திங்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள். கத்தரிக்காய் விற்கிற விலையில் வெஞ்சனத்துக்கே ஐம்பது ரூபாய் போகிறது என்றாள் இன்னொருத்தி. அறிஞர்கள் வீட்டில் பொம்பளைகள் இல்லையா என்று மூன்றாவது ஒருத்தி விசாரித்தாள். ஐரோப்பாவையே ஆட்டிவைத்த கோட்பாடு வெஞ்சனத்தில் வழுக்கி விழுந்தது. பெருமாள்சாமி நாற்காலியில் நெளிந்தார்.

பழனிக்குமார் அடுத்த தத்துவத்தை எடுத்தார். “சரி, கூலியக் கூட்டுறோம்னே வைங்க. என்ன ஆகும்? வசதி வந்ததும் தொழிலாளிகள் நிறையப் பிள்ளை பெத்துக்குவாங்க. ஆள் பெருகும். ஆள் பெருகினா கூலி பழையபடி இறங்கிரும். அதனால கூட்டிப் பிரயோசனம் இல்ல. இதுவும் மேதைகள் சொன்னதுதான்.”

சிவனம்மாள் கையிலிருந்த உருண்டையை வாளியிலேயே போட்டாள். “எனக்கு அம்பத்தெட்டு வயசு சார். மொதலாளி அம்பது ரூவா கூட்டிக் குடுத்துப் பாக்கட்டும். புள்ள பொறந்துச்சுன்னா அவரு பேரே வைக்கிறேன்.”

கிட்டங்கியில் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. டோனி கரும்பலகைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான். துறைத்தலைவர் நாற்காலி கண்முன்னே நகர்ந்து போவது போலிருந்தது. கடைசியாக, தன் கையிலிருந்த பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். கரும்பலகையில் பெரிதாக 'கூலி நிதி' என்று எழுதினார்.

“மொதலாளி கூலிக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கிற பணம் ஒரு நிலையான நிதி. உங்க கிட்டங்கியில அது நாளைக்கு ஆறாயிரம். இருபது பேர் வேலை செய்யிறீங்க. பங்கு வச்சா ஆளுக்கு முந்நூறு. ஒருத்திக்குக் கூட்டினா இன்னொருத்திக்குக் குறையும். நீங்க மொதலாளிகிட்ட கேக்குறதா நினைக்கிறீங்க. உண்மையில ஒருத்தி வாயிலிருந்து இன்னொருத்தி பிடுங்கப் பாக்குறீங்க!”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தத்துவம் தைத்துவிட்டது என்று பழனிக்குமாருக்குப் புரிந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து ராமுத்தாயின் குரல் மட்டும் வந்தது.

“அப்ப அந்த ஆறாயிரமும் வேலைக்கு வந்தவளுகளுக்குள்ள பங்கு. அப்படித்தான மாப்ள?”

“அப்படியேதான் அத்தை.”

“கூடாதா, கொறையாதா?”

“கூடவும் கூடாது, குறையவும் குறையாது. நிலையான நிதி.”

“சார் சொல்றது நல்லாத்தான் இருக்கு,” என்றாள் சிவனம்மாள். “ஆனா பொஸ்தகமா வந்து நாளைக்குக் கூலி குடுக்கப் போகுது? மொதலாளி சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நாங்க அம்பது ரூவாப் பேச்ச எடுக்கல.”

இவ்வளவு மலிவாக விஷயம் முடியும் என்று பெருமாள்சாமி எதிர்பார்க்கவில்லை. உடனே எழுந்தார். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த அம்மன் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் சூடம் ஏற்றப்பட்டது. காப்புக் கட்டிய கையை நீட்டி, “நாளொண்ணுக்குக் கூலி நிதி ஆறாயிரம். ஒரு ரூவா கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். அன்னிக்கு வேலைக்கு வந்தவங்களுக்குள்ள சமமாப் பங்கு. இது ஆத்தா மேல சத்தியம்,” என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். கை சுட்டது. இனி ஆயுசுக்கும் கூலி கூட்ட வேண்டியதில்லை என்பதால் அது அவருக்குத் தெரியவில்லை. பொருளாதார வரலாற்றில் ஒரு கோட்பாடு கற்பூரத்தில் நிரூபிக்கப்பட்டது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழனிக்குமார் வீட்டுக்கு வந்தபோது, வீட்டு வாசலில் அத்தனை பெண்களும் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு சொம்பு. அதற்குள் சுருட்டிப் போட்ட காகிதத் துண்டுகள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுக்க, மற்றவர்கள் பேரைக் கேட்டுக் குலவை போட்டார்கள். கிட்டங்கிப் பெண்கள் பல வருஷமாகக் குலுக்கல் சீட்டு நடத்துகிறவர்கள். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, பேர் விழுந்தவள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். அப்படித்தான் அவர்கள் வீட்டில் காதுகுத்தும் சடங்கும் நடக்கின்றன. வழக்கமான சீட்டுத்தான் என்று நினைத்துக்கொண்டு பழனிக்குமார் உள்ளே போய்ச் சாப்பிட்டுப் படுத்தார். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பெருமாள்சாமி கிட்டங்கிக்குள் நுழைந்தார். மலை மலையாகப் புளி. அதன் அடியில் சிவனம்மாள் மட்டும் உட்கார்ந்து டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே டோனி நின்று அவளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தொழிலாளிக்கு ஒரு மேற்பார்வையாளர் என்கிற உயரத்தை முன்னேறிய நாடுகள்கூட இன்னும் எட்டவில்லை.

“மத்தவளுக எங்க?”

“பூ எடுக்கப் போயிருக்காக மொதலாளி. மல்லி வெல ஏறிக் கெடக்குல்ல.”

“நீ மட்டும் ஏன் வந்த?”

“எனக்குத்தான மொதச் சீட்டு விழுந்துச்சு,” என்றாள் சிவனம்மாள், தட்டுவதை நிறுத்தாமல். “இன்னிக்கு வந்தது நான் ஒருத்தி. நிதி ஆறாயிரம். நாளைக்கு ராமுத்தாய். நாளக்கழிச்சு வேறொருத்தி. நிலையான நிதின்னா சீட்டுதான மொதலாளி? எங்களுக்குத் தெரியாதா?”

பெருமாள்சாமி அம்மன் படத்தைப் பார்த்தார். ஆத்தா அவரைப் பார்த்தாள். சாயங்காலம் டோனி ஆறாயிரத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான். பழனிக்குமாருக்கு ஆள் போயிற்று.

“என்னய்யா புரொபசர், ஒம்ம தத்துவம் பொய்யாப் போச்சே!”

“இல்ல சார்! ரொம்பத் துல்லியமா வேலை செய்யுது,” என்றார் பழனிக்குமார். அந்த நெருக்கடியிலும் அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. “ஆள் குறைஞ்சா கூலி ஏறும்னு மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன். நேரடி நிரூபணம் கெடைக்காமத்தான் இத்தன வருசமா அறிஞர்கள் தவிச்சாங்க.”

“நான் தவிக்கிறது தெரியலையா?”

சத்தியத்தை மீறிவிடலாம் என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குக் கொடுத்த எத்தனையோ வாக்கை மீறியவர்தான். ஆனால் அதெல்லாம் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்கு. அதில் தப்பிக்க வக்கீல் உண்டு. சூடத்தை அணைத்த வாக்குக்கு வக்கீல் கிடையாது. அதுவும் காப்புக் கட்டிய கையால் அணைத்தது. கை காலில் ஏதாவது வந்துவிட்டால்?

செவ்வாய்க்கிழமை ராமுத்தாய் ஆறாயிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று சோற்றுக்கு இரண்டு வெஞ்சனம். பழனிக்குமாரின் மனைவி தீபா பரிமாறிக்கொண்டே, “ஒங்க படிப்புல இருந்து இந்த வீட்டுக்கு வந்த மொத வருமானம் இதாங்க,” என்று சந்தோஷமாகச் சொன்னாள். வேலை கைவிட்டுப் போகிற கவலையில் பழனிக்குமாருக்கு முதலில் போட்ட சோறு ருசிக்கவில்லை. இரண்டாவது முறை போட்டதுதான் ருசித்தது.

புதன்கிழமை பெருமாள்சாமி மனசு உடைந்து பேசினார். “கூலிக்கு இத்தன தத்துவம் சொல்றீரே. என் லாபத்துக்கு ஒண்ணும் இல்லையா?”

“அழகான தத்துவம் இருக்கு சார். நீங்க அனுபவிக்க வேண்டியத அனுபவிக்காம, வயித்தக் கட்டி வாயக் கட்டி அதத் தொழில்ல போடுறீங்க. அந்தத் தியாகத்துக்குக் கெடைக்கிற கூலிதான் லாபம்.”

பெருமாள்சாமியின் கண் கலங்கியது. தன்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இங்கிலாந்தில் இருந்திருக்கிறார்கள்! “காப்புக் கட்டுனதுல இருந்து கறி தொடலையே நான். அது தியாகந்தான?”

“தியாகந்தான் சார்.”

“சக்கரையும் விட்டாச்சு. டாக்டர் விடச் சொன்னாரு. அதச் சேக்கலாமா?”

“சேக்கலாம் சார்.”

பக்கத்தில் நின்ற டோனி பணிவாகக் கேட்டான். “சார், நானும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்கு லாபம் வருமா?”

“தம்பி, இருந்தும் சாப்பிடாம இருந்தா தியாகம். இல்லாம சாப்பிடாம இருந்தா அது வறுமை. அதுக்கு ஒண்ணும் வராது,” என்று பழனிக்குமார் நுட்பமான வேறுபாட்டை விளக்கினார். டோனிக்கு விளங்கியதோ என்னவோ, டீ குடிக்கப் போய்விட்டான்.

தியாகத்தால் புளியில் கொட்டை எடுக்க முடியவில்லை. பழனிக்குமார் மறுபடியும் ஆய்வேட்டைப் புரட்டினார். கூலி ஏறினால் வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள், போட்டியில் கூலி தானே இறங்கும் என்று அதில் இருந்தது. பெருமாள்சாமி வேன் அனுப்பி சித்தையன்கோட்டையிலிருந்து பதினைந்து பெண்களை இறக்கினார். ஒன்பது மணிக்கு அவர்கள் கிட்டங்கிக்குள் போனார்கள். அன்றைய சீட்டுக்காரி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, விஷயத்தைச் சொன்னாள். ஒன்பதரைக்கு அவர்கள் டோனியிடம் வந்து, “தம்பி, காயிதம் பேனா இருந்தாத் தாங்க. எங்க பேரையும் அந்தச் சொம்புல போடணும்,” என்றார்கள். பத்து மணிக்கு முதலாளி டீசலிலேயே ஊருக்குத் திரும்பினார்கள். உலகத் தொழிலாளர்களை ஒன்று சேர்க்கப் பெரிய பெரிய ஆட்கள் மாநாடு போட்டு முடியாத காரியம், பெருமாள்சாமியின் வாடகை வேனில் முடிந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் சிறுமலைப் பக்கம் மேகம் கூடியது. கோடை மழை ஒன்று இறங்கினால் போதும். ஈரம் பட்ட புளி கருத்துப்போகும், கருத்த புளியை எவனும் தொட மாட்டான். வெளியூர் வியாபாரிகள் லாரி எப்போது ஏற்றுவது என்று போன் மேல் போன் போட்டார்கள். பெருமாள்சாமி கோயிலுக்கு ஓடி, பூசாரி காலில் விழாத குறையாக, சத்தியத்திலிருந்து தப்ப வழி கேட்டார்.

“யாருக்குச் சத்தியம் பண்ணுனீரோ அவுக மனசார விட்டுக் குடுத்தா ஆத்தாளும் விட்டுருவா,” என்றார் பூசாரி.

இருபது பெண்களும் கூப்பிட்டனுப்பப்பட்டார்கள். மனசார விட்டுக்கொடுக்க என்ன வேண்டும் என்று பெருமாள்சாமி கேட்டார். சிவனம்மாள் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“அன்னிக்குக் கேட்டதுதான். அம்பது ரூவா.”

மறுநாள் இருபது கல்லிலும் டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்டது. நாள் கூலி முந்நூற்றைம்பது. மழைக்கு முன்னால் புளி லாரி ஏறியது. ராமுத்தாய் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, அந்த ஐம்பது ரூபாய் தனியாக ஒரு நாளைக்கு வெஞ்சனத்துக்கு ஆகும் என்று மகளிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பழனிக்குமார் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். துறைத்தலைவர் பதவி போயிற்று என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

அப்படி நினைத்தது பெருமாள்சாமியின் பெருந்தன்மையைக் குறைத்து மதிப்பிட்டதாகும். ஆனி பிறந்ததும் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. புதுப் பெயின்ட் வாசனை வீசும் அறையில், தாளாளர் நாற்காலியில் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார். மேஜையில் நியமன உத்தரவு இருந்தது. 'துறைத்தலைவர், பொருளியல்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சம்பளம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

“சார், இதுல சம்பளம் விட்டுப்போச்சு.”

“விட்டுப் போகல புரொபசர். யோசிச்சுத்தான் போட்டேன். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்,” என்றார் பெருமாள்சாமி அன்பாக. “கூலி நிதி ஒண்ணுதான், ஒருத்தருக்குக் கூட்டுனா இன்னொருத்தருக்குக் கொறையணும்னு சொன்னீங்களா இல்லையா? கிட்டங்கியும் நான்தான், காலேஜும் நான்தான். அப்ப நிதியும் ஒண்ணுதான. அங்க இருபது பேருக்கு அம்பது கூட்டுனதுல நாளைக்கு ஆயிரம். மாசம் முப்பதாயிரம். ஒங்க சம்பளம் எம்புட்டு? அதே முப்பதாயிரம். தத்துவம் எப்புடி ஒரு ரூவா பிசகாம நிக்குது பாத்தீங்களா!”

“ஞாயித்துக்கிழமை கிட்டங்கி லீவு சார்,” என்றார் பழனிக்குமார் ஈனக் குரலில்.

“அந்த மிச்சம் கட்டட நிதிக்கு. அதுவும் நிலையான நிதிதான்.”

“நான் பொழைக்கணும்ல சார்?”

“உசுரோட இருக்கத் தேவையானதுதான் கூலின்னு நீங்கதான் சொன்னீங்க. ஒங்களுக்கு மூணு வேளையும் மாமியா வீட்டுல நடந்துருது. இப்ப அதுக்குக் கூலி வேற ஏறியிருக்கு. வெஞ்சனமும் வைக்கும். அப்ப ஒங்களுக்கு இயற்கையா என்ன கூலி வரும்? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க.”

பழனிக்குமார் மனசுக்குள் கணக்குப் போட்டார். எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடுதான் வந்தது. மாணவன் இவ்வளவு சரியாகப் பாடம் ஒப்பிக்கும்போது எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சி ஏற்படத்தான் செய்யும். அவர் கையெழுத்துப் போட்டார். துறைத்தலைவர் என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாமே.

சாயங்காலம் வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நடந்ததைத் தத்துவ விளக்கத்தோடு மாமியாருக்குச் சொன்னார். ராமுத்தாய் கரண்டியைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். பத்து விரலிலும் புளிக்கறை கறுத்துக் கிடந்தது.

“ஏன் மாப்ள, எங்களுக்குக் கூட்டுன ஆயிரத்த ஒங்க சம்பளத்துல எடுக்குறாரு. சரி. அவரு லாபத்துல எடுத்தா என்னவாம்? கூலி ஏறுனா லாபம் கொறையும்னு ஒரு வெள்ளக்காரன்கூடவா எழுதி வைக்கல?”

“எழுதியிருக்காங்க அத்தை,” என்றார் பழனிக்குமார், சோற்றைப் பிசைந்துகொண்டே. “ஆனா அது கடைசி யூனிட்டுல வருது. அதுக்குள்ள பரீட்சை வந்துரும். எந்த வருசமும் நடத்துனதில்ல.”

ராமுத்தாய் வெஞ்சனத்தை அள்ளி அவர் தட்டில் வைத்தாள்.

“அந்தப் பாடத்த நடத்தாம இருக்கத்தான் மாப்ள அவரு ஒங்கள வேலைக்கு வச்சிருக்காரு. அதையாச்சும் கூலி வாங்கிட்டுச் செய்யக் கூடாதா?”